இரண்டு முறை இடம் மாறிய சிற்றாலயம்: கட்டின இடத்திலேயே விட்டிருக்கக் கூடாதா?

ஆற்றங்கரை:

வணக்கம். நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரத்தில். இந்த ஊர் விஷயம் ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்று இங்கே போடுகிறேன்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி எல்லை தாண்டி வந்த கறுப்பின மக்கள் 1840-களின் கடைசியில் இங்கே தேம்ஸ் தெருவில் சிறிய மர ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். தப்பி வந்த அடிமைகளின் சிற்றாலயம் என்றுதான் ஊரில் அதற்குப் பெயர். 1869-இல் சபையார் கிரே தெருவில் பெரிய ஆலயம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பழைய கட்டிடம் கைமாறிக் குடியிருப்பு வீடாகிவிட்டது. 2013-இல் அதை இடிக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் ஒன்று சேர்ந்து, பணம் திரட்டி, 2014 நவம்பரில் அப்படியே முழுசாகத் தூக்கி, கிரே தெருவில் சபையார் 1869-இல் கட்டிய அந்தப் பெரிய ஆலயத்துக்கு, அதாவது பெத் இம்மானுவேல் ஆலயத்துக்குப் பக்கத்து மனைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே சீரமைப்பு வேலை நினைத்தபடி நடக்கவில்லை. வருடக்கணக்கில் கட்டிடம் காத்துக் கிடந்தது. 2022 நவம்பரில் மறுபடியும் தூக்கி, நகரின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள ஃபான்ஷா பயனியர் வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்துச் சரிசெய்தார்கள்.

போய்ப் பார்த்தேன். காப்பாற்றிவிட்டார்களே என்று நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் சுற்றிலும் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த பழைய காலத்து வீடுகள், பட்டறைகள். நடுவில் இதுவும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கும்போது, இதைக் கட்டியவர்கள் நடந்த தெரு எங்கே, அவர்கள் தண்ணீர் மொண்ட ஆற்றங்கரை எங்கே என்று ஒரு வருத்தம் வருகிறது. கட்டின இடத்திலேயே வைத்துக் காப்பாற்றியிருக்க முடியாதா? இடம் மாறிய பிறகு அது பழைய ஆலயம்தானா, இல்லை அதன் பலகைகள் மட்டும்தானா?

இதைச் சும்மா கேட்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருடைய குடும்பம் நான்கைந்து தலைமுறையாக ஒன்டாரியோவில் இருக்கும் கறுப்பினக் குடும்பம். அவர்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு சின்ன மர ஆலயம். சபையில் மிஞ்சியிருப்பது சில பெரியவர்கள் மட்டும், நிலத்தை விற்கிற பேச்சு நடக்கிறது, வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போய் என்ன கேட்பது, எந்தப் பக்கம் பேசுவது என்று தெளிவாக இல்லை.

பழையபாதை:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'ஏன் அங்கேயே விடவில்லை' என்பதற்கு 2013-இல் பதில் கிடையாது, 1850-களிலிருந்து வரவேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கனடாவிலும் அடிமைகள் இருந்தார்கள், அதை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். 1834-க்குப் பிறகு எல்லை தாண்டினால் விடுதலை என்பது உறுதியானது. 1850-இல் அமெரிக்கா கொண்டுவந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிலைமையை இன்னும் கொடூரமாக்கியது. அதன்படி வட மாநிலங்களில் பல வருடமாகச் சுதந்திரமாக வாழ்ந்தவரையும் பிடித்துத் தெற்கே அனுப்பலாம், பிடிக்க உதவ மறுப்பவர்களைத் தண்டிக்கலாம். அதனால் பாஸ்டனும் பிலடெல்பியாவும்கூடப் பாதுகாப்பில்லை என்று ஆகி ஜனங்கள் ஒன்டாரியோவுக்கு வந்தார்கள். (அப்போது இதன் பெயர் மேற்குக் கனடா.)

லண்டனில் அவர்களில் பலர் குடியேறிய இடம் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. அங்கேதான் 1847-இல் நிலம் வாங்கி ஆலயம் கட்டினார்கள். அப்போது அது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை என்ற கறுப்பினக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது, அதன் தலைமை அமெரிக்காவில். 1850 சட்டம் வந்த பிறகு சபைக் கூட்டத்துக்காக எல்லை தாண்டிப் போவதே ஆபத்தாகிவிட்டது. போன இடத்தில் பிடித்துவிட்டால் திரும்ப வர முடியாது. அதனால் 1856-இல் கனடாவில் இருந்த சபைகள் பிரிந்து பிரிட்டிஷ் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை என்று தனியாக அமைந்தன. பெயரில் பிரிட்டிஷ் என்று சேர்த்ததே, நாங்கள் இந்த மண்ணின் பிரஜைகள், எங்கள்மேல் யாரும் கை வைக்க முடியாது என்று அறிவிக்கத்தான். அந்தச் சின்னக் கட்டிடத்துக்குள் இருந்தவர்கள் இந்த முடிவைத் தங்கள் உயிரோடு சேர்த்து யோசித்தவர்கள். வெறும் நிர்வாக மாற்றமாக அவர்களால் இதைப் பார்த்திருக்க முடியாது.

1869-இல் கிரே தெருவில் பெரிய ஆலயம் எழுந்ததும் பழையதை விற்றார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் அது வேறு யார் யாருடைய வீடாகவோ இருந்தது. வருத்தமாகத் தெரியும், ஆனால் அதுதான் அதைக் காப்பாற்றியது. ஆள் குடியிருந்ததால் கூரை ஒழுகினால் யாரோ ஒருவர் அடைத்தார், குளிர்காலத்தில் அடுப்பு எரிந்தது. பூட்டிக் கிடந்திருந்தால் 1900-ஐக்கூடத் தாண்டியிருக்காது. இழந்தது என்னவென்றால், அது ஆலயம் என்பதே தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2013-இல் நிலம் சபையின் கையில் இல்லை, சமூகத்தின் கையில் இல்லை. சுற்றியிருந்த பழைய குடியிருப்பு எப்போதோ கரைந்துவிட்டது. கட்டிடம் மட்டும் தனியாக நின்றது, அதுவும் இடிக்க அனுமதி கேட்டவர்களின் மனையில். அங்கேயே வைப்பதென்றால் நிலத்தை வாங்க வேண்டும், காவல் காக்க வேண்டும், யார் வந்து விளக்கேற்றுவது என்பதற்கும் பதில் வேண்டும். கிரே தெருவுக்குக் கொண்டுபோனது எனக்கு இன்றைக்கும் அழகான முடிவாகத்தான் தெரிகிறது. 1869-இல் சபையார் நடந்துபோன அதே வழியில் அவர்களுடைய பழைய ஆலயமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. தாயும் மகளும் ஒரே தெருவில் குடியிருப்பது மாதிரி.

இன்னொன்று. இடம் மாற்றுவது இந்தச் சபைகளுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். நயாகரா ஃபால்ஸில் 1836-இல் கட்டிய கறுப்பினச் சபையின் ஆலயம் ஒன்று உண்டு. 1856-இல் அதை உருட்டுக்கட்டைகள்மேல் ஏற்றி உருட்டியே பீர் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஊரில் பிறந்த இசையமைப்பாளர் நதானியேல் டெட் அங்கே ஆர்கன் வாசித்தவர், இன்று ஆலயத்துக்கே அவர் பெயர். 2000-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். உருட்டிக்கொண்டு வந்தார்களே, இது பழைய ஆலயம்தானா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வெண்மணல்:

அருமையான பதிவு, பழையபாதை ஐயா. ஒரு சின்ன சந்தேகம். நூற்றைம்பது வருட மரக்கட்டிடத்தை முழுசாகத் தூக்கினால் உதிர்ந்துவிடாதா? பலகை பலகையாகப் பிரித்து எண் போட்டுக் கொண்டுபோய் மறுபடி பூட்டுவதுதான் பத்திரம் என்று நினைத்திருந்தேன்.

இரும்புத்தூண்:

வெண்மணல், இதற்கு நான் பதில் சொல்லலாம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வீடு நகர்த்தும் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் பண்ணை வீடு, தானியக் கிடங்கு, சின்னச் சர்ச் எல்லாம் ஊர் விட்டு ஊர் லாரியில் போவது சகஜம். அதற்கு முன் சென்னையில் சாலை உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போன இடங்களில் ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலையில் இருந்தேன். அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிரிப்பது பத்திரம் என்று தோன்றும், ஆனால் முடிந்தவரை பிரிக்கக் கூடாது. பழைய மரச்சட்டகத்தில் ஆணியும் முளையும் மரத்தோடு மரமாக ஊறிப்போயிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் பலகை நுனி பிளக்கும், காரைச் சுவர் மொத்தமாகப் போகும், அப்புறம் பூட்டும்போது மூன்றில் ஒரு பங்கு புது மரம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே சுவரில் மெல்லிய பட்டைகள் அடித்து மேலே சுண்ணாம்புக்காரை பூசியிருப்பார்கள் பாருங்கள், அதில் கட்டியவர்களுடைய கரண்டித் தடம் அப்படியே இருக்கும். பிரித்தால் திரும்ப வராது. பாதை குறுகலாக இருந்தாலோ, கட்டிடம் பெரிதாக இருந்தாலோதான் கூரையைத் தனியாகக் கழற்றுவது, இரண்டாக அறுப்பது எல்லாம்.

செய்கிற முறை இதுதான். முதலில் செங்கல் புகைபோக்கியைப் படம் எடுத்து, அளந்து, இறக்கிவிடுவோம், ஏனென்றால் மரம் வளைந்து கொடுக்கும், செங்கல் கொடுக்காது. ஜன்னல், கதவு இடைவெளிகளில் குறுக்குக் கட்டை அடித்துச் சுவர் கோணாமல் பூட்டுவோம். அப்புறம் அஸ்திவாரச் சுவரில் ஓட்டை போட்டு நீளமான இரும்பு உத்தரங்களைக் கட்டிடத்துக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் செருகுவோம். எல்லா ஜாக்கிகளும் ஒரே ஹைட்ராலிக் இயந்திரத்தில் இணைந்திருக்கும், ஒரு மூலை மட்டும் முந்தாமல் எல்லாம் ஒரே அளவில் ஏறும். கொஞ்சம் ஏற்றுவது, அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தாங்குவது, மறுபடி ஏற்றுவது. சக்கர வண்டி உள்ளே நுழையும் உயரம் வந்ததும் அதன்மேல் இறக்கி இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

முதல் தடவை ஜாக்கி இறுகும்போது ஒரு சத்தம் வரும். அஸ்திவாரத்தில் நூறு வருடமாக உட்கார்ந்திருந்த அடிச்சட்டம் அதைவிட்டுப் பிரிகிற சத்தம். அந்த நேரத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு டார்ச் அடித்து அந்தச் சட்டத்தைத்தான் பார்ப்போம். மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலில் உளுத்துப்போவது அதுதான். விரல் நுழைகிற அளவுக்கு மாவாகிவிட்டிருந்தால் அங்கேயே புதுக் கட்டை ஒட்டுப்போட்டுவிட்டுத்தான் மேலே போவோம்.

பணம் எங்கே போகும் என்று கேட்டால், தூக்குவதில் பாதிகூடப் போகாது. வழியில் இருக்கும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பியை உயர்த்த ஆள், சாலையை மூட அனுமதி, பாலம் தாங்குமா என்ற கணக்கு, மரக்கிளை வெட்ட அனுமதி, புது அஸ்திவாரம், காப்பீடு. அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று: வைத்த பிறகு உள்ள செலவு. இரண்டு மூன்று குளிர்காலம் சூடு இல்லாமல் நின்றால் கூரை வழியாக இறங்கும் தண்ணீர் உறைந்து உருகி உறைந்து, பயணத்தில் ஆகாத சேதத்தை நின்ற இடத்திலேயே செய்துவிடும். ஓட்டை கிடைத்தால் ராக்கூன் என்ற காட்டு விலங்கு குடும்பத்தோடு குடிவந்துவிடும். ஆற்றங்கரை சொன்ன ஆலயத்துக்கு 2014-க்கும் 2022-க்கும் நடுவில்தான் உண்மையான ஆபத்து என்று நான் சொல்வேன். நகர்த்தும் நாளில் கூட்டம் கூடும், கைதட்டும், படம் எடுக்கும். மறுநாள் காலையில் சாவி யார் கையில் என்பதுதான் முக்கியம்.

வடகடல்:

நான் கனடாவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரம். எனக்கு இங்கே சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் உடன்பாடு, ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் பெட்ஃபோர்ட் நீர்ப்பரப்பின் கரையில் ஆஃப்ரிக்வில் என்று ஒரு கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. 1849-இல் அங்கே ஆலயம் எழும்பியது, சீவியூ ஐக்கிய பாப்டிஸ்ட் ஆலயம். ஞானஸ்நானம் அந்தக் கடல்நீரிலேயே நடந்தது. நகராட்சி வரி வாங்கியது, குழாய்த் தண்ணீரோ சாக்கடையோ தரவில்லை. குப்பைக்கிடங்கை அவர்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. கடைசியில் இது வாழத் தகாத இடம் என்று அதே நகராட்சியே முடிவு செய்து 1960-களில் எல்லோரையும் வெளியேற்றியது. சில குடும்பங்களின் சாமான்களைக் குப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1967 நவம்பரில், ஒரு ராத்திரியில், ஆலயத்தை இடித்துத் தள்ளினார்கள். பகலில் இடிக்கத் துணிவில்லை, அவ்வளவுதான்.

2010 பிப்ரவரியில் நகர மேயர் பொது மன்னிப்புக் கேட்டார். அதன் பகுதியாக 2011-இல் அதே கரையில் அந்த ஆலயத்தைப் போலவே ஒன்றைக் கட்டினார்கள், இப்போது அது அருங்காட்சியகம். ஒரு பழைய பலகைகூட இல்லாத புதுக் கட்டிடம். ஆனாலும் கோடைக்காலத்தில் பழைய குடும்பங்கள் அங்கே கூடாரம் போட்டுக் கூடும்போது, பேத்தியைக் கூட்டிக்கொண்டுவந்து "இங்கேதான் நம்ம வீடு, அதோ அங்கேதான் தண்டவாளம்" என்று காட்டுகிறார்கள். மண் இருக்கிறது, அதனால் காட்ட முடிகிறது.

லண்டனில் மரம் தப்பித்தது, மண் போயிற்று. ஹாலிஃபாக்ஸில் மரம் போயிற்று, மண் மிஞ்சியது. எது பெரிய இழப்பு என்று எடை போட நான் வரவில்லை. ஆனால் 'நகர்த்தலாம்' என்ற பேச்சு இந்த மக்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதை ஆற்றங்கரையின் நண்பர் கூட்டத்தில் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். நெடுஞ்சாலை வந்தால் நகரு, பாலம் வந்தால் நகரு, துறைமுகம் வந்தால் நகரு என்று ஒரே சமூகத்திடமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆலயத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அழகான பூங்காவில் வைப்பது, நிலத்தை விற்க நினைப்பவருக்கு ரொம்ப வசதி. இடித்தார்கள் என்ற கெட்ட பெயர் வராது, மனையும் காலியாகும். எனவே முதலில் கேட்கவேண்டியது, அங்கேயே வைத்திருக்க எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டதா என்பது. கட்டிடத்தைத் தூக்கும் செலவுக்கு நிலத்தையே வாங்கிவிட முடியுமா என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

ஆற்றங்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வடகடல், நீங்கள் எழுதியதை நண்பருக்கு வாசித்துக் காட்டினேன் (மொழிபெயர்த்துத்தான்). கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்கிறார்" என்றார். நிலத்தை வாங்கும் கணக்கை யாரும் போடவில்லையாம். இரும்புத்தூண் சொன்ன சாவி விஷயத்தையும் குறித்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? அமெரிக்காவில் இதுபோன்றவை நிறைய நடந்திருக்குமே. அங்கே இடம் மாறிய கட்டிடத்துக்கு அரசு அங்கீகாரம் கிடைக்கிறதா?

மிசிசிப்பிக்கரை:

கிடைக்கும், ஆனால் சுலபமில்லை. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைச் சேர்க்கும்போது, பொதுவாக இடம் மாற்றிய கட்டிடங்களை எடுப்பதில்லை. வழிபாட்டு இடங்களையும் பொதுவாக எடுப்பதில்லை. இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு. இடம் மாறிய கட்டிடம் என்றால், கட்டிடக்கலைக்காகவே முக்கியமானதாக இருக்கலாம், அல்லது ஒரு நிகழ்ச்சியோடோ மனிதரோடோ தொடர்புள்ளவற்றில் எஞ்சி நிற்கும் முதன்மையான சின்னமாக இருக்கலாம். இந்த விதி கறுப்பினச் சபைகளை ரொம்பவே பாதிக்கிறது என்பது என் கருத்து. நிலையாக ஓரிடத்தில் இருக்க விடாத மக்களிடம், நிலையாக ஓரிடத்தில் இருந்ததற்குச் சான்று கேட்பது என்ன நியாயம்? அதனால் நகர்த்தும் முன்பே பாரம்பரியத் துறையிடம் பேசிவிடுவது நல்லது. நகர்த்திய பிறகு போனால், பழைய சூழலோடு இருந்த தொடர்பு போய்விட்டது என்று கைவிரிக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மாகாணத்துச் சட்டம் வேறு, அதைத் தனியாக விசாரியுங்கள்.

வடகடல் மரமா மண்ணா என்று கேட்டதற்குப் பிலடெல்பியாவில் ஒரு பதில் இருக்கிறது. ரிச்சர்ட் ஆலன் அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே உழைத்துச் சம்பாதித்த பணத்தால் வாங்கியவர். 1791-இல் ஆறாம் தெருவில் ஒரு மனை வாங்கினார். 1794-இல் ஒரு பழைய கொல்லன் பட்டறையை விலைக்கு வாங்கி, குதிரைகளைப் பூட்டி அந்த மனைக்கு இழுத்துவந்து ஆலயமாக்கினார். மதர் பெத்தேல் என்று இன்று உலகமே அறிந்த சபை அப்படித்தான் ஆரம்பித்தது. பிற்பாடு உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை முழுவதற்கும் அதுதான் தாய்ச்சபை, அதாவது லண்டனில் அந்தச் சிற்றாலயத்தைக் கட்டியவர்களுக்கும். அந்தப் பட்டறை இன்று இல்லை. அதே மனையில் இப்போது நிற்பது நான்காவது கட்டிடம். ஆனால் மனை 1791 முதல் இன்றுவரை கை மாறவே இல்லை, கறுப்பின மக்களின் சொத்தாகவே இருக்கிறது. ஆலன் கட்டிடத்தை நகர்த்தினார், நிலத்தை விடவில்லை.

இன்னொரு மாதிரியும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. லூசியானாவில் விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. முதலாளி மாளிகையின் அழகைக் காட்டாமல் அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்வதற்காகவே அமைந்தது. அங்கே வாசலைத் தாண்டியதும் ஒரு வெள்ளை மர ஆலயம் நிற்கும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையானவர்கள் ஆற்றின் மறுகரையில் பாலினா என்ற ஊரில் கட்டியது. சபையார் புது ஆலயம் கட்டியபோது பழையதை விட்னிக்குக் கொடுத்தார்கள். உள்ளே பெஞ்சுகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் களிமண்ணில் வடித்த சிறுவர் சிறுமியர் உருவங்கள், ஆள் உயரத்தில். உள்ளே நுழைகிறவர் அந்தக் கண்களைப் பார்க்காமல் உட்கார முடியாது. விடுதலையானவர்கள் கட்டிய ஆலயத்தைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவைப்பதா என்று கோபப்படுகிறவர்களும் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சபையே மனமுவந்து கொடுத்தது, கதையைத் திரிக்காமல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், கூரை ஒழுகுவதில்லை. ஆற்றங்கரை, உங்களை உறுத்திய ஃபான்ஷா விஷயத்துக்கும் இதே அளவுகோலை வையுங்கள். அங்கே அந்த ஆலயத்தின் கதையை யார் சொல்கிறார்கள், அந்தச் சமூகத்து ஆட்களுக்கு அதில் வாக்கு இருக்கிறதா, ஆகஸ்ட் 1 விடுதலை நாளில் அங்கே ஏதாவது நடக்கிறதா? இருக்கிறது என்றால் எனக்கு அந்த முடிவின்மேல் குறை இல்லை.

பணத்துக்கு அமெரிக்காவில் இப்போது கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2017-இல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பாரம்பரியத்துக்கென்று தனி நிதி தொடங்கியது. 2022-இல் லில்லி என்டோமென்ட் என்ற அறக்கட்டளை கொடுத்த 2 கோடி டாலரோடு கறுப்பின ஆலயங்களுக்கென்றே ஒரு திட்டம் வந்தது. கூரை, அஸ்திவாரம் மட்டுமில்லாமல், கட்டிடத்தைப் பராமரிக்கச் சபைக்குள்ளேயே ஆளும் திட்டமும் உருவாக்கவும் அதில் உதவி உண்டு. கனடாவில் இதே அளவில் ஒன்று வரவேண்டும் என்று உங்கள் நண்பர் தன் தொகுதி உறுப்பினரிடம் கேட்கலாம். கேட்காமல் எதுவும் வராது.

பழையபாதை:

மிசிசிப்பிக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது யாரும் இன்னும் தொடாத விஷயம். கல்லறை.

கிராமத்து மர ஆலயம் என்றால் பின்னால் கல்லறைகள் இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. எல்லாவற்றிலும் கல் நட்டிருக்க மாட்டார்கள், மரச் சிலுவை என்றைக்கோ மக்கிப்போயிருக்கும். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் ஊரின் முதல் பாப்டிஸ்ட் சபை 1776-ஐத் தங்கள் தொடக்கமாகச் சொல்கிறது, நாட்டின் மிகப் பழைய கறுப்பினச் சபைகளில் ஒன்று. அவர்களுடைய 19-ஆம் நூற்றாண்டு ஆலயத்தை 1950-களில் இடித்தார்கள், பிற்பாடு மேலே தார் போட்டு வண்டி நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். 2020-இல் சபையின் வழித்தோன்றல்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து தோண்டத் தொடங்கியபோது பழைய அஸ்திவாரங்கள் கிடைத்தன, அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைக் குழிகளும் கிடைத்தன. எலும்பைத் தொட்டு ஆராயலாமா என்பதைக்கூட வழித்தோன்றல்களிடம் கேட்டுத்தான் செய்தார்கள்.

அதனால் அந்த நிலத்தில் யாராவது அடக்கம் ஆகியிருக்கிறார்களா என்று முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் நகர்த்தும் பேச்சே வேறாகிவிடும். ஆலயம் போகலாம், அவர்களை விட்டுவிட்டுப் போவதா? மனையை வாங்குகிறவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

அப்புறம் சபையின் பதிவேடுகள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதிய பழைய நோட்டுகள் யாருடைய வீட்டு அலமாரியில் இருக்கின்றன? ஒரு தலைமுறை கழிந்தால் பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அவை குப்பைக்குப் போய்விடும். கட்டிடத்தின் முடிவு ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இவற்றை இந்த மாதமே படம் எடுத்து வையுங்கள்.

இரும்புத்தூண்:

பழையபாதை சொன்னதை வழிமொழிகிறேன். கட்டிடத்துக்கும் இதே மாதிரி அவசரமான வேலை ஒன்று உண்டு. நகர்த்துவதோ விடுவதோ, எதை முடிவு செய்தாலும், அதற்கு முன் ஓர் ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். ஓடோ பலகையோ நழுவியிருந்தால் அடைத்துவிட்டு மேலே நல்ல தார்ப்பாய் கட்டுங்கள், தண்ணீர் சுவரை விட்டு விலகி விழும்படி வாய்க்கால் வெட்டுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரு நாளில் முடித்துவிடலாம். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற ஒரு வருடம் ஆகும், அடிச்சட்டம் அதுவரை காத்திருக்காது. நகர்த்துவது என்று முடிவானால், ஒப்பந்தத்தில் தூக்கும் செலவோடு கூடவே இறக்கி வைத்த பிறகு ஐந்து வருடப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆற்றங்கரை:

கல்லறை பற்றி நண்பரின் அம்மாவிடம் கேட்டாகிவிட்டது. சிறுவயதிலேயே இறந்துபோன அவருடைய பெரியம்மா ஒருவரை அங்கே அடக்கம் செய்தார்களாம், கல் இல்லை, கிழக்குப் பக்கம் வேலியோரம் என்று மட்டும் தெரியும் என்கிறார். இது நகராட்சிக்கோ நிலத்தை விற்க நினைப்பவர்களுக்கோ இதுவரை தெரியாது. சனிக்கிழமை கூட்டத்தில் முதல் பேச்சாக அம்மாவே இதைச் சொல்லப்போகிறார். நிலத்தை வாங்கும் கணக்கையும் கேட்போம். ஆளுக்கொரு ஏணி, தார்ப்பாய் என்று இப்போதே மூன்று பேர் சேர்ந்தாயிற்று. நடந்ததை இங்கே வந்து எழுதுகிறேன்.

வடகடல்:

அம்மா சொல்வதை அவர் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள், குரலாகவே. தேதி, இடம் போட்டு நகராட்சிக்கு ஒரு கடிதமும் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேரட்டும்.